ஏவுதற் கருத்தா

மழைக்காலம் முடிந்த கையோடு, ஜப்பானின் தெற்கில் உள்ள ஒகினாவாத் தீவில் வெயில் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துகொள்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் 23 அன்று, தீவின் போர் நினைவு நாளில், காலை நாஹாவிலிருந்து இதோமான் போய், அங்கே பஸ் மாறி மாபுனிக்குப் போனேன். வழியெல்லாம் கரும்பு. சாலையோரமாகக் கழுத்தில் துண்டு போட்ட முதியவர்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். 1945-இல் இங்கே நடந்த போரில் இறந்தவர்களின் குடும்பத்தார் இதோமானிலிருந்து மாபுனிவரை ஆண்டுதோறும் நடக்கும் அமைதி நடைப்பயணம் அது. பஸ்ஸில் குளிர்காற்றுக்கு அடியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கூச்சமாக இருந்தது. இறங்கி நடக்கும் அளவுக்குக் கூச்சம் இல்லை.

மாபுனி ஒரு கடலோரக் குன்று. அதன் அடிவாரத்தில், மடக்குத் தட்டிகளை விரித்து நிறுத்தியதுபோல, கருங்கல் சுவர்கள் அலையலையாக நிற்கின்றன. 1995-இல், போர் முடிந்த 50-ஆம் ஆண்டில் திறந்துவைத்தார்கள். 2,42,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். ஆண்டுதோறும் புதிதாகத் தெரியவரும் பெயர்களையும் சேர்க்கிறார்கள். ஒகினாவாக்காரர்களை ஊர்வாரியாகவும், ஊருக்குள் தெருவாரியாகவும் பொறித்திருக்கிறார்கள். ஜப்பானின் மற்ற மாகாணத்தவர், அமெரிக்கர், பிரிட்டிஷார், கொரியர், தைவானியர் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். பதவி கிடையாது, பட்டம் கிடையாது. சுட்டவனும் சுடப்பட்டவனும் ஒரே அளவு எழுத்தில்.

நான் வந்து நின்ற கல்லின் முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா பாய் விரித்திருந்தார். அடுக்குப் பெட்டியில் வறுத்த டோஃபு, கடற்பாசி, மீன் பணியாரம். முதலில் கல்லுக்குப் படைத்தார், பிறகு பேரனுக்குக் கொடுத்தார். பாட்டிலில் கொண்டுவந்த பார்லி தேநீரைக் கல்லின் உச்சியிலிருந்து மெதுவாக ஊற்றினார். பொறித்த எழுத்துகளின் பள்ளங்களில் தேநீர் தங்கித் தங்கி இறங்கியது. பேரன் தன் கையிலிருந்த கோலாவைப் பார்த்தான், பாட்டியைப் பார்த்தான், கடைசி வரிசைப் பெயர் ஒன்றின் மேல் கொஞ்சம் கவிழ்த்தான். அதட்டுவார் என்று நினைத்தேன். “ஊற்று, ஊற்று. அவனும் உன் வயதுதான்” என்றார்.

அந்தக் கடைசி வரிசையில் இருந்தது பெயரல்ல. இன்னாரின் மூன்றாவது மகன் என்று மட்டும் பொறித்திருந்தது. இப்படி அங்கே நிறைய உண்டு: இன்னாரின் குழந்தை, இன்னாரின் மூத்த மகள். ஊர்ப் பதிவேடுகள் எரிந்துபோயின. குடும்பம் முழுக்க அழிந்த வீடுகளில், பிள்ளைக்கு என்ன பெயர் என்று சொல்ல ஆள் மிஞ்சவில்லை.

“எந்த ஊர்?” என்று என்னைக் கேட்டார். இந்தியா என்றேன். “உங்கள் ஆட்கள் பெயர் இங்கே இருக்கிறதா?” தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டு பிரிட்டிஷ் கல்லைத் தேடிப் போனேன். 82 பெயர்கள். ஒகினாவாவுக்கு வந்த பிரிட்டிஷ் பசிபிக் கப்பற்படையின் பெரும்பகுதி 1945 ஜனவரியில் புறப்பட்டது திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து. அந்த மாலுமிகள் கடைசியாகக் கேட்ட அயல்மொழிகளில் ஒன்று தமிழாக இருந்திருக்கலாம். அதற்கு மேல் இந்தக் கதையில் நமக்குப் பங்கு இல்லை.

*

போரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1945 மார்ச் 26-இல் அமெரிக்கர்கள் ஒகினாவாவுக்கு மேற்கே உள்ள கெராமா என்னும் சிறு தீவுகளில் இறங்கினார்கள். ஏப்ரல் 1-இல் ஒகினாவாவின் மேற்குக் கரையில் இறங்கினார்கள், அன்றைக்கே சுமார் 60,000 பேர். கரையில் எதிர்ப்பே இல்லை. ஜப்பானின் 32-ஆம் படை ஷுரி அரண்மனைக்கு அடியில் சுரங்கம் தோண்டி உட்கார்ந்திருந்தது. அதன் வேலை வெல்வதல்ல, காலத்தை இழுத்தடிப்பது. தலைநிலத்தில், அதாவது ஜப்பானின் பெரிய தீவுகளில், தற்காப்பு ஏற்பாடுகள் முடியும்வரை தீவு தாக்குப்பிடிக்க வேண்டும். ஒகினாவாக்காரர்கள் இதற்கு ‘சுதே-இஷி’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கோ என்னும் பலகை விளையாட்டில், போனால் போகட்டும் என்று வெட்டுக்கொடுக்கும் காய்.

மே கடைசியில் ஷுரி விழும் நிலைக்கு வந்தபோது தளபதி உஷிஜிமா சரணடையவில்லை, அங்கேயே நின்று முடித்துக்கொள்ளவும் இல்லை. படையைத் தெற்கே நகர்த்தினார். தெற்கில் ஏற்கெனவே குகை குகையாக மக்கள் பதுங்கியிருந்தார்கள். படை அந்தக் குகைகளுக்குள் நுழைந்தது. மக்கள் பலர் வெளியே தள்ளப்பட்டார்கள். குடிமக்கள் சாவு குவிந்தது அந்த ஜூன் மாதத்தில்தான். மாகாண அரசின் கணக்கில் மொத்தச் சாவு 2,00,656 (மாபுனிக் கல்லில் வேறிடங்களில் போரில் இறந்த ஒகினாவாக்காரர்களும் இருப்பதால் அங்கே எண் பெரிது). அதில் ஒகினாவாக்காரர்கள் 1,22,228. அவர்களில் சுமார் 94,000 பேர் குடிமக்கள். அமெரிக்கர்கள் 12,520. நால்வரில் ஒருவர் போனார் என்று தீவில் சொல்வார்கள்.

*

என் பிழைப்பு மொழிபெயர்ப்பு. ஜப்பானிய இயந்திரக் கையேடுகளைப் பிற மொழிக்குக் கொண்டுபோவது. இதில் நாள் முழுக்க என்னை வதைக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: “யாரால்?” ஜப்பானிய வாக்கியம் எழுவாயை விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாது. வால்வு திறக்கப்படும். யாரால்? இயந்திரமே திறக்குமா, ஆள் திறக்க வேண்டுமா? தப்பாக எழுதினால் யாருக்காவது கை போகும்.

அதனால்தான் ஒகினாவாப் போரைப் பற்றிய சண்டைகளிலேயே 2007-இல் நடந்த சண்டை எனக்கு மிக நெருக்கமாகப் பட்டது. மேல்நிலைப் பள்ளி வரலாற்றுப் பாடநூல்களைத் தணிக்கை செய்யும் கல்வி அமைச்சகம் அந்த மார்ச்சில் சில திருத்தங்களை வெளியிட்டது. ஒரு பாடநூலில், ஜப்பானியப் படையால் கூட்டுத் தற்கொலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களும் உண்டு என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. திருத்தத்துக்குப் பிறகு, கூட்டுத் தற்கொலைக்குத் தள்ளப்பட்டவர்களும் உண்டு என்று ஆனது. சாவை மறைக்கவில்லை, எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. எடுத்தது ‘படையால்’ என்பதை மட்டும். ஜப்பானிய மொழியில் அந்த ‘ஆல்’ ஒரே எழுத்து: ‘நி’.

அதே செப்டம்பர் 29-ஆம் தேதி கினோவான் கடற்கரைப் பூங்காவில் 1,10,000 பேர் கூடியதாக அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். எண்ணிக்கையை மறுத்தவர்களும் உண்டு. பாதியாகவே இருக்கட்டும். ஒரு வேற்றுமை உருபுக்காக அத்தனை பேர் வெயிலில் நின்ற இன்னோர் ஊரை நான் கேள்விப்பட்டதில்லை.

பள்ளியில் மூன்றாம் வேற்றுமை நடத்தியபோது தமிழாசிரியர் சொன்னது நினைவுக்கு வந்தது. ‘ஆல்’ உருபு கருத்தாப் பொருளில் வரும். கருத்தா இரு வகை. தச்சனால் நாற்காலி செய்யப்பட்டது: தச்சன் இயற்றுதற் கருத்தா. கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது: கரிகாலன் ஒரு கல்லையும் தூக்கவில்லை, ஆகவே ஏவுதற் கருத்தா. தேர்வுக்காக உருப்போட்டு மறந்த பாகுபாடு. ஒகினாவாவில் அது உயிரோடு நடமாடுவதைப் பார்த்தேன்.

கெராமாத் தீவுகளில் ஒன்றான டோகாஷிகியில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 28. படை முகாமுக்கு அருகே மக்களைக் கூட்டியிருந்தார்கள். முன்கூட்டியே கையெறி குண்டுகள் தரப்பட்டிருந்தன. ஒன்று எதிரிக்கு, ஒன்று உனக்கு. பல குண்டுகள் வெடிக்கவில்லை. அப்போது கின்ஜோ ஷிகேஅகி என்ற 16 வயதுப் பையன், ஊர்ப் பெரியவர் ஒருவர் மரக்கிளையை ஒடித்துத் தன் மனைவியையும் பிள்ளைகளையும் அடிப்பதைப் பார்த்தான். முதலில் என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. பிறகு புரிந்தது. அவனும் அண்ணனும் சேர்ந்து கல்லால் தாயைக் கொன்றார்கள். பிறகு தம்பியையும் தங்கையையும். தாயை அடிக்கும்போது, வாழ்நாளில் முதன்முறையாக வாய்விட்டு அழுததாகப் பின்னாளில் சொன்னார். அந்தத் தீவில் 300-க்கும் மேற்பட்டவர்கள் இப்படிச் செத்தார்கள். கின்ஜோ பிழைத்து, கிறித்தவப் போதகராகி, 2022-இல் காலமாகும்வரை இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார், நீதிமன்றம் உட்பட.

அவர் கையில் கல் இருந்தது. இயற்றுதற் கருத்தா அவர்தான், அவரே அதை மறுத்ததில்லை. அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டது மற்றவரைப் பற்றி. பிடிபடுவது இழுக்கு, பிடிபட்டால் பெண்களைச் சிதைப்பார்கள் என்று ஆண்டுக்கணக்கில் ஓதியது யார்? குண்டுகளை விநியோகித்தது யார்? சரணடையப் போனவர்களை ஒற்றர் என்று சொல்லிக் கொன்றது யார்? ஒகினாவா மொழி பேசுகிறவர்களை ஒற்றர்களாகக் கருதித் தண்டிப்போம் என்று 32-ஆம் படை உத்தரவே போட்டிருந்தது. வீட்டில் பேசிய மொழிக்காக உயிர் போகலாம்.

இதே கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. எழுத்தாளர் கென்சபுரோ ஓஎ, தீவுத் தளபதிகளைப் பற்றி எழுதியது அவதூறு என்று 2005-இல் வழக்குத் தொடுத்தார்கள். ஒசாகா நீதிமன்றம் 2008-இல் ஓஎ பக்கம் தீர்ப்பளித்தது. இந்தத் தளபதிதான் வாயால் கட்டளையிட்டார் என்று அறுதியிடவில்லை. ஆனால் படைக்கு ஆழமான தொடர்பு இருந்தது என்றது. 2011-இல் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது. பாடநூல் விஷயத்தில் அமைச்சகம் அரைக்கிணறு தாண்டியது. படையின் ‘தொடர்பு’ என்று எழுதலாம், படை ‘கட்டாயப்படுத்தியது’ என்று நேராக எழுதக்கூடாது. கையேடு ஒன்றை நான் இப்படி மொழிபெயர்த்துக் கொடுத்தால் வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவார்.

*

யோமிதான் என்ற ஊரில் இரண்டு குகைகள். இடையே ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. சிபிச்சிரி குகையில் ஏறக்குறைய 140 பேர் பதுங்கியிருந்தார்கள். ஏப்ரல் 2 அன்று, அமெரிக்கர்கள் வாயிலில் நின்று வெளியே வரச்சொன்னபோது, உள்ளே 80-க்கும் மேற்பட்டோர் ஒருவரை ஒருவர் கொன்றும் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டும் இறந்தார்கள். பாதிக்கு மேல் சிறுவர்கள். ஷிமுகு குகையில் சுமார் 1,000 பேர். அத்தனை பேரும் கைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து பிழைத்தார்கள். அங்கே ஹவாயில் கூலி வேலை பார்த்துத் திரும்பிய இருவர் இருந்தார்கள். அமெரிக்கன் உன்னைக் கொல்லமாட்டான் என்று சொன்னார்கள், தாங்களே முன்னால் நடந்து போய்ப் பேசினார்கள்.

சிபிச்சிரியில் இருந்தவர்களும் வெளியுலகம் பார்த்தவர்கள்தான். சீனப் போர்முனையில் இருந்து திரும்பிய பழைய சிப்பாய் ஒருவர், அங்கே பணியாற்றிய செவிலி ஒருவர். பிடிபட்டால் என்ன நடக்கும் என்று அவர்கள் சொன்னது கட்டுக்கதை அல்ல. சீனத்தில் தங்கள் படை செய்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். அமெரிக்கனும் அதைத்தான் செய்வான் என்று நம்பினார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பிழைத்தவர்கள் 38 ஆண்டுகள் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கொன்றவரும் செத்தவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் ஹாஎபாரு போனேன். படையின் மருத்துவமனையாக இருந்த குகைகளில் இருபதாவதை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள். தலைக்கவசமும் கைவிளக்கும் தந்தார்கள். மண்சுவரில் பிக்காசுத் தடங்கள் நேற்றுப் போட்டவைபோல் இருந்தன. தீப்பீய்ச்சியால் கருகிய மரத்தூண்களின் மிச்சம். கூரையில் ஒரு சித்திர எழுத்து கீறியிருந்தது. காங் என்னும் கொரியக் குடும்பப் பெயர். படுத்த நிலையில் யாரோ கையைத் தூக்கிக் கீறியிருக்க வேண்டும். நடுவழியில் வழிகாட்டி எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொன்னார். ஒரு நிமிடம். என் கையை முகத்துக்கு முன் கொண்டுவந்தேன். கை இல்லை.

இங்கேதான் ஹிமேயுரி மாணவிகள் வேலை செய்தார்கள். இரண்டு பள்ளிகளிலிருந்து மாணவிகளும் ஆசிரியர்களுமாக 240 பேர். புழு அரித்த கட்டுகளை மாற்றுவது, வெட்டிய கை கால்களை வெளியே கொண்டுபோய்ப் புதைப்பது, குண்டு மழையில் தண்ணீருக்கும் சோற்றுக்கும் ஓடுவது. தெற்கே பின்வாங்கியபோது எழுந்து நடக்க முடியாத காயமுற்றவர்களுக்குப் பாலில் சயனைடு கலந்து கொடுத்தார்கள். ஜூன் 18 இரவு மாணவிகளுக்குக் கலைப்பு உத்தரவு வந்தது: இனி உங்கள் சொந்த முடிவின்படி நடந்துகொள்ளுங்கள். மூன்று மாதம் மூச்சு விடுவதற்குக்கூட ஆணை. அமெரிக்கர்கள் நாலாபுறமும் சூழ்ந்த இரவில் திடீரென்று சொந்த முடிவு. இறந்த 136 பேரில் பெரும்பாலோர் அந்த உத்தரவுக்குப் பிந்தைய சில நாட்களில் இறந்தவர்கள்.

பிழைத்த மாணவிகளே முன்னின்று 1989-இல் அருங்காட்சியகம் கட்டினார்கள். தாங்களே நின்று பார்வையாளர்களுக்குச் சொன்னார்கள், 2015-இல் வயது தடுக்கும்வரை. இந்தக் காட்சியகம் வரலாற்றைத் திருத்தி எழுதுகிறது என்று 2025 மே மாதம் ஆளுங்கட்சி மேலவை உறுப்பினர் ஒருவர் பேசினார். ஊரே கொதித்த பின் திரும்பப் பெற்றுக்கொண்டார். எண்பது ஆண்டாகியும் ‘ஆல்’ இன்னும் பலரை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

*

அமெரிக்கர்களின் நினைவு வேறு மாதிரி. அவர்களுக்கு இது கப்பல் கணக்கு: தற்கொலை விமானங்களும் பிறவும் சேர்ந்து மூழ்கடித்தவை 36, சேதப்படுத்தியவை 368. தளபதி பக்னரே ஜூன் 18 அன்று பீரங்கி வீச்சில் செத்தார், அதாவது மாணவிகளைக் கலைத்த அதே நாள். ஒரு தீவுக்கே இந்த விலை என்றால் தலைநிலத்துக்கு என்ன விலை என்ற கேள்வி அவர்களை அணுகுண்டில் கொண்டு நிறுத்தியது என்று அங்கே சொல்வார்கள். அந்த வாதத்துக்குள் நான் நுழையவில்லை.

தலைநிலத்து ஜப்பானியர்களின் நினைவை மாபுனிக் குன்றின் மேலேயே பார்க்கலாம். மாகாணத்துக்கு ஒன்றாக நினைவுத் தூண்கள், தோட்டம் போட்டுப் படி கட்டி. தத்தம் ஊர்ச் சிப்பாய்களின் வீரத்தைப் பாடுகின்றன. ஒகினாவா மக்கள் செத்ததைக் கல்வெட்டில் சொல்வது, கக்காசுவில் நிற்கும் கியோட்டோக்காரர்களின் தூண். மற்றவற்றில் இப்படியொரு வரியைத் தேடி நான் களைத்துப் போனேன். குன்றின் உச்சியில் உஷிஜிமாவுக்கான தூண். இலையுதிர் காலம்வரை காத்திராமல் வாடும் இந்தத் தீவின் பசும்புல், பேரரசின் வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும் என்பதுபோல் ஓர் இறுதிக் கவிதை எழுதிவைத்தார். இன்றைய ஜப்பானிய ராணுவமான தற்காப்புப் படையின் நாஹாப் பிரிவு தன் இணையதளத்தில் அதைப் போட்டிருந்தது தெரியவந்து 2024-இல் எதிர்ப்பு கிளம்பியது. புல் துளிர்க்கும். புல்லாகக் கணக்கிடப்பட்டவர்கள் என்ன செய்வது?

ஜூன் 23 என்ற நாள்கூட உஷிஜிமா தற்கொலை செய்துகொண்டதாகக் கொள்ளப்படும் நாள். சாவதற்கு முன், கடைசிவரை போரிடுங்கள் என்று உத்தரவு விட்டுப் போனதால் சண்டை அன்றோடு ஓயவில்லை. முறையான சரணடைவுக் கையெழுத்து செப்டம்பர் 7-இல்தான் நடந்தது. ஒகினாவா நகரம் அந்தத் தேதியைத் தன் அமைதி நாளாக வைத்திருக்கிறது. இடைப்பட்ட நாட்களில் குமே தீவில் ஜப்பானியக் கடற்படையினரே தீவுவாசிகளை ஒற்றர் என்று கொன்றார்கள், குழந்தைகள் உட்பட. போர் ஒரு தளபதியின் சாவோடு முடிந்ததாக ஏன் கொள்ள வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்டுவிட்டு அவர்களும் 23-ஆம் தேதி பகல் 12 மணிக்கு நின்று தலைகுனிகிறார்கள்.

படைக்காரர்களில் ஒருவரை மட்டும் தீவு ஓரளவு மரியாதையோடு நினைக்கிறது. கடற்படைத் தளபதி ஓதா மினோரு, சாவதற்குச் சில நாட்கள் முன் ஜூன் 6-இல் டோக்கியோவுக்கு ஒரு தந்தி அனுப்பினார். வழக்கமான பேரரசர் வாழ்த்து இல்லை. ஒகினாவா மக்கள் என்னென்ன பட்டார்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, பிற்காலத்தில் இவர்களுக்குத் தனிப்பரிவு காட்டும்படி கேட்டுக்கொண்டார். பரிவு கிடைத்தது. நாட்டின் நிலப்பரப்பில் 0.6 விழுக்காடு மட்டுமே உள்ள இந்த மாகாணத்தில், ஜப்பானில் அமெரிக்கப் படைகள் தமக்கென்றே வைத்திருக்கும் நிலத்தில் 70 விழுக்காடு.

அந்த அமெரிக்கத் தளங்களில் ஒன்றை இடம் மாற்ற ஹெனோகோவில் கடலைத் தூர்க்கிறார்கள். அதற்கு மண் வேண்டும். 2020-இல் அரசு திருத்திய திட்டத்தில், மண் எடுக்கக்கூடிய இடங்களில் தீவின் தெற்கும் இருந்தது. தெற்கு மண்ணில் இன்னும் எலும்புகள் இருக்கின்றன. குஷிகென் தகாமத்சு என்பவர் பல பத்தாண்டுகளாக அவற்றைக் கையால் தோண்டி எடுத்து வருகிறார். தன்னை ‘காமாஃபுயா’ என்று சொல்லிக்கொள்வார், குகை தோண்டி. சுண்ணாம்புக் கல்லோடு எண்பது ஆண்டு கிடந்த எலும்பு, கல்லின் நிறத்துக்கே வந்துவிட்டிருக்கும். இந்த மண்ணைக் கடலில் கொட்டக் கூடாது என்று 2021-இல் உண்ணாவிரதம் இருந்தார்.

*

மாபுனியிலிருந்து திரும்பும்போது கோமேசு பக்கம் இறங்கி, கொன்பாகு என்னும் நினைவுத் தூணைத் தேடிப் போனேன். போர் முடிந்ததும் தங்கள் ஊருக்குத் திரும்ப அனுமதி கிடைக்காமல் இங்கே குடியமர்த்தப்பட்ட மாவாஷி ஊர்க்காரர்கள், உழப் போன இடமெல்லாம் எலும்பு. அமெரிக்கப் படை முதலில் பொறுக்க அனுமதிக்கவில்லை. கெஞ்சி அனுமதி வாங்கி, 1946 பிப்ரவரியில் கட்டினார்கள். சுமார் 35,000 பேரின் எலும்புகள். மேலே கல்லை அடுக்கிக் குவித்திருக்கிறார்கள், உச்சியில் பெயர்ப் பலகைபோல் ஒரு கல், அவ்வளவுதான். மாபுனிக் கருங்கல்லின் பளபளப்பு இல்லை, ஒரு பெயரும் இல்லை. எலும்புகளின் பெரும்பகுதியை 1979-இல் மாபுனியில் உள்ள அரசுக் கல்லறைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அப்படியும் எந்த இடத்தில் செத்தார் என்று தெரியாதவர்களின் வீட்டார் விடிகாலையிலேயே இங்கே வந்துவிடுகிறார்கள்.

நான் போனபோது மாலை நான்கு மணி. ஆட்கள் குறைந்துவிட்டார்கள். பூக்கள் வெயிலில் துவண்டு கிடந்தன, ஊதுபத்திச் சாம்பல் குவிந்திருந்தது. முன்னால் வரிசை வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள், தேநீர் பாட்டில்கள், சிறு கண்ணாடிக் குப்பிகளில் அவாமோரிச் சாராயம். எல்லாவற்றின் மூடியையும் திருகித் திறந்து பக்கத்திலேயே வைத்திருந்தார்கள்.